படத்தில் இல்லாத ஓடை

ஒரு காட்டில், மலைச்சரிவில், ஓர் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்று நான் சொல்கிறேன். நில அளவை அலுவலகம் அப்படிச் சொல்லவில்லை.

உச்சிப் புல்வெளி குடித்த மழை கரும்பாறை வெடிப்புகளில் கசிந்து, கசிவுகள் ஒன்றுசேர்ந்து ஓடையானது. கெட்டிப் பாறை முடிந்து மக்கிய பாறை தொடங்கும் இடத்தில் ஓர் ஆள் உயரம் கீழே குதிக்கும். அங்கே கூழாங்கற்கள் சுழன்று சுழன்று பானைபோல ஒரு குழியைக் குடைந்திருந்தன. போன ஐப்பசியில் அதற்குக் கீழே மண் சரிந்து வழியை அடைத்துவிட்டது. ஓடை யாரிடமும் மனு கொடுக்காமல் நாற்பது அடி தள்ளி வேறு பள்ளம் பார்த்துக்கொண்டது.

கொடுக்காயி என்ற நண்டும் கூடவே வந்து புதுக் கரையில் வளை தோண்டினாள். அவள் வயிற்று மடிப்பில் நூற்றைம்பது குஞ்சுகள். ஈரம் இல்லாவிட்டால் ஒன்றுகூடத் தேறாது.

ஒருநாள் சர்வேயர் நாரை வந்தார். அலுவல் நேரத்தில் நண்டு தின்பதில்லை என்பது அவர் கொள்கை. மதிய இடைவேளை அதில் சேராது.

"ஏம்மா, இது மேய்ச்சல் நிலம். நண்டுன்னா ஓடைக்கரையிலதான் இருக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணு."

"இதுதானே சார் ஓடை?"

நாரை படத்தை விரித்தார். "படத்துல ஓடை அங்க இருக்கு."

"அங்க வெறும் கல்லுதான் சார் கிடக்கு. உங்க காலே தண்ணிக்குள்ளதான் நிக்குது."

நாரை அந்தக் காலைத் தூக்கி உதறிவிட்டு மறுகாலில் நின்றார். "இது ஈரம். ஓடை அங்க."

"அப்ப படத்தை மாத்துங்க சார்."

"அதுக்கு ஓடை நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். இருக்குன்னு எழுத எங்ககிட்ட படிவமும் கிடையாது. ஆக்கிரமிப்புப் புகார் படிவம்னா கட்டுக்கட்டா இருக்கு."

கொடுக்காயிக்கு அழுகையே வந்துவிட்டது. பழைய தடத்துக்குப் போனால் குஞ்சுகள் அரைநாளில் காய்ந்துவிடும். ஆனால் பிறந்ததிலிருந்து பக்கவாட்டில் நடப்பவள் அல்லவா, பக்கவழி தெரியாமல் போகுமா?

"அதுலயே ஒண்ணு கொடுங்க சார்" என்றாள்.

'மேய்ச்சல் நிலத்தை ஓடை ஒன்று ஆக்கிரமித்து ஓடுகிறது. தக்க நடவடிக்கை எடுக்கவும்' என்று எழுதிக் கொடுத்தாள்.

மறுநாளே அலுவலகம் மொத்தமும் மலையேறி வந்தது. ஓடையின் நீளம், அகலம், புறப்படும் இடம், பாறையின் வகை எல்லாவற்றையும் அளந்து எழுதி, நான்கு முத்திரை குத்தி, பாறையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஓடை பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டுமாம். ஓடை அதைச் சாயங்காலமே அடித்துக்கொண்டு போய்விட்டது. நல்லவேளை, புகார் கொடுத்தவருக்கு ஒரு நகல் உண்டு.

வெள்ளிக்கிழமை நாரை வந்ததும் கொடுக்காயி அந்த நகலை நீட்டினாள்.

"இங்க ஓடை ஓடுதுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார். நான் ஓடைக்கரையிலதான் இருக்கேன்."

நாரை மூன்று முறை படித்தார். அவர் கையெழுத்தேதான். "சரிம்மா, நீ இருந்துக்கோ."

"ஓடை காலி பண்ணிடுமா சார்?"

"அதெப்படி? கேஸ் நடக்குதில்ல. முடியிறவரைக்கும் அது எங்கயும் போகக் கூடாது."

நீதி: நீ இருக்கிறாய் என்று நிரூபிக்க வீணாக அலையாதே; உன்மேல் ஒரு புகார் கொடுக்கச் சொல்.