கிழிக்கக்கூடாத உறை

மொன்றியலில் உறை கிழிக்காதவர் என்றோர் இனம் செழிப்பாக வாழ்கிறது. வாங்கிப் பத்தாண்டு கழிந்த சோபாவின் பிளாஸ்டிக்கில் உட்கார்ந்து வழுக்குவார், ரிமோட்டை உறையோடு அமத்துவார், பழுதாகும் நாள்வரை பொருள் புதிதாகவே இருக்கவேண்டும் என்பார். இவரால் யாருக்கு என்ன கேடு? புரோசார்ட் புறநகரில் தன் வீட்டுக்குள் இருக்கும்வரை ஒன்றுமில்லை.

விமலநாதன் வீட்டுக்குள் இருக்கவில்லை. வடதுருவ ஊர்களுக்குச் சாமான் ஏற்றும் கப்பலொன்றுக்குத் துறைமுகத்தில் பாதுகாப்பு அதிகாரி. பனிக்கடலில் விழுந்தவர் விறைத்துச் சாகாமல் காக்கும் உடைகள் பதினெட்டு அவர் பொறுப்பு. இரண்டு நிமிடத்தில் போட்டு முடிக்கவேண்டும் என்பது விதி. அவரோ ஆண்டுதோறும் உறைகளைப் பிரிக்காமலே துடைத்து, எண்ணி, உறைக்கொரு சந்தனப் பொட்டும் வைத்து, படிவத்தில் சரி போடுவார். துருவக்கடலுக்குச் சந்தனமென்றால் பயம் போலும்.

புறப்படுவதற்கு முதல்நாள், புதிதாகச் சேர்ந்த சமையற்காரி அக்னெஸ் வந்து நின்றாள். ஐந்தடிகூட இல்லை.

"அண்ணை, என்ர உடுப்பை ஒருக்காப் போட்டுப் பாக்கட்டோ?"

"உறை கிழிஞ்சால் பேந்து ஆர் பிள்ளை பதில் சொல்றது?"

"நான் தண்ணிக்குள்ள விழுந்தால் ஆர் சொல்றது?"

"விழமாட்டியள். பாருங்கோ, எல்லாத்துக்கும் சரி போட்டுக் கிடக்கு."

"கடலுக்கு வாசிக்கத் தெரியுமோ அண்ணை?"

கையிலிருந்த வெங்காயக் கத்தியால் உறையை ஒரே இழுவையில் கிழித்தாள். விமலநாதனுக்குத் தன் தோலே கிழிந்ததுபோல் இருந்தது. உடை இரண்டு அக்னெஸ்களுக்குக் காணும். முன்பக்கச் சிப் துருப்பிடித்து வயிற்றோடு நின்றது. இரண்டு நிமிடம் போயிற்று. பத்தும் போயிற்று. சத்தம் கேட்டு வந்த கப்டன் பதினெட்டையும் பிரிக்கச் சொன்னார். ஏழு உடைகளின் சிப் பூட்டுப்படவில்லை.

கப்பல் நான்கு நாள் நின்றது. புது உடைகள் வந்தன, அக்னெஸின் அளவிலும் ஒன்று. அவள் அதைப் போட்டு, தளத்தில் இருதரம் நடந்து பார்த்தபிறகே புறப்பட்டாள்.

விமலநாதன் புறப்படவில்லை. சரி போடுகிறவர்கள் எப்போது கப்பலேறினார்கள்? சூடேற்றிய அறையிலிருந்து அறிக்கை எழுதினார்: "சமையற்காரியின் கத்தியால் உறை சேதம்." ஏழு உயிருக்குப் படிவத்தில் கட்டமில்லை.

சிரிக்கிறீர்கள். நல்லது. அப்படியே எழுந்துபோய் உங்கள் சமையலறைக் கூரையைப் பாருங்கள். தாளிக்கும்போதெல்லாம் கத்துகிறதென்று, அந்தப் புகை எச்சரிக்கைக் கருவிக்குப் பிளாஸ்டிக் பை கட்டிவிட்டது யார்?