தப்பு என் மேலதாங்க

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டிக் கொடுத்தவர். எடுத்த காரியத்தில் பின்வாங்காத மனிதர் என்று பெயர். அன்று காலை வீட்டு கேட்டிலிருந்து காரை வெளியே எடுக்கும்போதுதான் கொஞ்சம் பின்வாங்கினார். டமால் என்றது.

இறங்கிப் பார்த்தார். டிரைவிங் ஸ்கூல் காரின் பின்விளக்கு உடைந்து தரையெல்லாம் சிவப்புச் சில்லாகக் கிடந்தது. பின்னால் நின்ற சின்னக் காரின் முன்பக்கம், அடி வாங்கிய உதடு மாதிரி ஒரு பக்கம் கோணியிருந்தது. உள்ளே யார் என்று குனிந்து பார்த்தால், சொந்த மனைவி. மகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தவள்.

வேறு யாராவது என்றால் வாத்தியார் வருத்தப்பட்டிருப்பார். மனைவி என்றதும் மனசுக்குள் புது விளக்கே எரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஒரே ஒரு ஆசை. 'தப்பு என் மேலதான்' என்று அவள் வாயால் ஒரு தடவை சொல்லக் கேட்க வேண்டும். பால் பொங்கி வழிந்ததிலிருந்து பீரோ சாவி தொலைந்ததுவரை அந்த வீட்டில் எல்லா வழக்கும் அவருக்கு எதிராகவே முடிந்திருந்தது. ஆனால் இது கார் விவகாரம். அவருடைய மைதானம். இன்று விடுவதில்லை என்று தீர்மானித்தார். காரைப் பின்னால் எடுக்கும்போது அவர் போனில் ஒரு மாணவருக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தது உண்மைதான். அது தொழில். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

முதலில் சாட்சி தேடினார். எதிர்வீட்டுப் பல் டாக்டர் பால்கனியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், நீங்க பார்த்தீங்கல்ல? யார் மேல தப்பு?"

டாக்டர் வாய் நிறைய நுரை. நிதானமாகக் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"பார்த்தேன் சார். ஆனா உங்க ரெண்டு பேர் பல்லும் என்கிட்டதான் இருக்கு. ஒரு பக்கம் பேசினா இன்னொரு பக்கம் கடைவாய் போயிடும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சரி, நேரடியாகவே இறங்க வேண்டியதுதான். வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"இதோ பாரு. கோவப்படாம யோசிச்சுச் சொல்லு. இதுல யார் மேல தப்பு?"

"என் மேலதாங்க."

வாத்தியாருக்குக் காது அடைத்தது மாதிரி இருந்தது. "என்ன சொன்ன?"

"தப்பு என் மேலதாங்க. நீங்க வாத்தியார். உங்களுக்குத் தெரியாததா?"

மலையே எழுந்து வந்து வணக்கம் சொன்னது போல் அவர் பிரமித்து நின்றார். இத்தனை வருஷத் தவம், சில்லறை கொடுப்பது போல் கையில் வைத்துவிட்டாள். அவள் குடிநீர் அலுவலகத்தில் புகார் கவுன்ட்டரில் வேலை பார்ப்பவள். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருகிறவர்கள், போகும்போது அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். தண்ணீர் அப்போதும் வந்திருக்காது. அது எப்படி என்று வாத்தியார் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

அவள் கார் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"எதுக்கு இது?"

"தப்பு பண்ணவ கையில வண்டி இருக்கக் கூடாதுங்க. தெருவுல நாலு பேர் நடமாட வேண்டாமா? இனிமே நீங்களே ஓட்டுங்க."

வெற்றி வீரர் சாவியை வாங்கிக்கொண்டார். உடைந்த காரைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு, சின்னக் காரில் மனைவியை அலுவலகத்தில் விட்டார். திரும்பினால் மகளை நீச்சல் குளத்திலிருந்து கூட்டி வந்து பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். பிறகு அவருடைய அப்பாவை முட்டிவலி வைத்தியத்துக்கு அழைத்துப் போக வேண்டும். இத்தனையும் அவள் அலுவலகம் போய் வருகிற வாக்கில் முடித்துக்கொண்டிருந்த வேலை என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. இதில் அப்பா வேறு, பின்சீட்டில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடியே வந்தார்.

"ஏம்பா, இன்னிக்கு மருமக வரலையா?"

"ஏன், நான் நல்லாத்தானே ஓட்டறேன்?"

"நல்லாத்தான் ஓட்டறே. மருமக ஓட்டினா தூங்கிடுவேன். நீ ஓட்டினா தூக்கமே வர மாட்டேங்குது."

மத்தியானத்துக்குள் வாத்தியாரின் பயிற்சி வகுப்புகள் ஒவ்வொன்றாக ரத்தாகின. கற்றுக்கொள்ள வந்தவர்கள் வண்டியும் இல்லாமல், வாத்தியாரும் இல்லாமல், பெஞ்சில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிப்பது போல் கையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் சாலை விதி வகுப்பு. அதுதான் மனைவிக்கு அலுவலகம் விடுகிற நேரமும். வேறு வழியில்லாமல் அவளை அழைத்துக்கொண்டு நேராக வகுப்புக்கே வந்து சேர்ந்தார்.

"நான் பாட்டுக்குக் கடைசி பெஞ்சுல உட்கார்ந்துக்கறேங்க. நானும் மறுபடி கத்துக்கணும் இல்லையா?" என்றாள். பிறகு ரொம்பப் பணிவாக, "காலையில நடந்ததையே பாடமா எடுங்களேன். என் தப்பு நாலு பேருக்கு உதவட்டும்."

வாத்தியாருக்கு அலைச்சலெல்லாம் பறந்துவிட்டது. மேஜை மேல் இரண்டு பொம்மைக் காரை வைத்தார். "நீலம், பின்னால வெளியே வருது. சிவப்பு, ரோட்லேர்ந்து உள்ளே வருது. இடிச்சிருச்சு. சிவப்பு ஓட்டின அம்மாவே தன் மேலதான் தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க. அவங்க பண்ண தப்பு என்ன?"

வகுப்பு திருதிருவென்று விழித்தது. தையல்கடைக்காரர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"சார், போன வாரம் நீங்கதானே சொன்னீங்க, பின்னால எடுக்கிறவன்தான் முழுப் பொறுப்புன்னு? நிக்கிற சுவத்துல இடிச்சாலும் சுவர் மேல குத்தம் சொல்லக் கூடாதுன்னு?"

"அது பொதுவா சொன்னது."

கடைசி பெஞ்சிலிருந்து மனைவி எழுந்தாள். "சார் சொல்றதுதாங்க சரி. நான்தான் அந்தச் சிவப்பு வண்டி. தப்பு என் மேலதான். கேட்டுக்கு வெளியவே வண்டியை நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டீங்களா?" என்றார் தையல்கடைக்காரர்.

"ஆமாங்க. நின்ன இடத்துல இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னிருக்கலாம். ஹாரனும் மெதுவாத்தான் அடிச்சேன். அவர் போன்ல பேசிட்டிருந்தாரு. காதுல விழணும்னா நான் இன்னும் பலமா அடிச்சிருக்கணும். என் தப்புதானே?"

வாத்தியார் தண்ணீர் குடித்தார். பேக்கரிக்காரர் மெல்ல எழுந்து நின்றார்.

"சார், காலையில நீங்க பேசிட்டிருந்தது என்கிட்டதான். நடுவுல டமால்னு கேட்டுச்சு. உங்க வீட்டு டிவின்னு நெனச்சேன்."

"என்ன பேசிட்டிருந்தாரு?" என்று மனைவி அக்கறையாகக் கேட்டாள்.

"பின்கண்ணாடியை எப்படிப் பார்க்கணும்னு சொல்லிட்டிருந்தாருங்க."

ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து வாத்தியாரையே ஓட்ட ஆரம்பித்தார்கள். "அப்படியெல்லாம் சிரிக்காதீங்க. எனக்குக் கத்துக் கொடுத்ததே அவர்தான். என் மேல தப்புன்னா அது..." என்று மனைவி பாதியில் நிறுத்திக்கொண்டாள். பாதியில் நிறுத்தியது முழுசாகச் சொன்னதைவிட மோசமாக இருந்தது.

வாத்தியார் நீலக் காரைப் பார்த்தார். சிவப்புக் காரைப் பார்த்தார். அவள் மேல் தப்பு என்றால் கற்றுக் கொடுத்தவர் மேல் தப்பு. அவர் மேல் தப்பு என்றாலும் அவர் மேல்தான் தப்பு. காலையிலிருந்து அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டி ஆட்டியே அவரை இந்த மூலையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. பெரிய அணைக்கட்டைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீலத்து மேலதான் தப்பு," என்றார்.

"எழுதிக்கலாமா சார்?" என்றார் தையல்கடைக்காரர்.

"எழுதிக்கோங்க."

வகுப்பு முடிந்ததும் வாத்தியார் சாவியை மனைவியிடம் நீட்டினார். அவள் ஓட்ட, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். கார் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் சாலையில் இறங்கியது.

"காலையிலயே தெரியும்ல, என் மேலதான் தப்புன்னு?"

"தெரியுங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

வாத்தியார் நேர்மையாக யோசித்தார். "மாட்டேன்."

அவள் கியரை மாற்றினாள். இவ்வளவு பெரிய ஆளோடு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியாமல் போயிற்றே என்று அவர் சாய்ந்து உட்கார்ந்து வியந்துகொண்டிருந்தபோது கார் கீங் கீங் என்று கத்த ஆரம்பித்தது. வாத்தியார் சட்டென்று நிமிர்ந்தார். கடைசியில் அவருடைய அனுபவத்துக்கு ஒரு வேலை வந்துவிட்டது. காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"காலையில இடிச்சதுல ஏதோ ஒயர் விட்டுப் போயிருக்கு. ஓரமா நிறுத்து, பார்க்கறேன்."

"ஒயரெல்லாம் சரியாத்தான் இருக்குங்க," என்றாள் மனைவி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க பெல்ட் போடல."