லோர்னாவுக்கான தோட்டா

அலமாரியின் மேல்தட்டில் இருந்த காபிக் கோப்பையை எடுக்க வலது கையைத் தூக்கிய வெர்லின், பாதி வழியில் நிறுத்திவிட்டார். பிறகு வேறு ஏதோ யோசனை வந்தவர் போல இடது கையால் எடுத்தார்.

"கைல என்ன?" அடுப்பில் பன்றி இறைச்சி வறுத்துக்கொண்டிருந்த மனைவி லோர்னா திரும்பாமலே கேட்டார்.

"ஒண்ணுமில்ல. கோணலாப் படுத்துட்டேன்."

"நேத்து ராத்திரி முழுக்க இடது பக்கம்தானே படுத்திருந்தே?"

"அதான். இடது பக்கமே படுத்ததால வலது பக்கத்துக்குப் பழக்கம் விட்டுப்போச்சு."

லோர்னா இறைச்சித் துண்டைப் புரட்டிப் போட்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

நடந்தது வேறு. எல்க் மான் வேட்டைக்கு மலையேற முதுகு ஒத்துழைக்காததால், வெர்லின் தம் பழைய கனத்த துப்பாக்கியை விற்றுவிட்டு லேசாக ஒன்று வாங்கியிருந்தார். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடுகிற ரகம். ஒல்லி உடம்பு. ஆனால் குழலின் வாயில் சுண்டுவிரல் நுழையும். விற்ற கடைக்காரர் டட்லி அப்போதே சொன்னார்: "தூக்க லேசு, சுட லேசில்ல. துப்பாக்கி கனம் குறைஞ்சா, மிச்ச உதையெல்லாம் உன் தோள்தான் வாங்கணும்."

வெர்லின் சிரித்தார். சிரித்ததோடு விட்டிருக்கலாம். உணவகத்தில் நண்பர் ஆர்லோவிடம், "உதையெல்லாம் பயப்படறவங்களுக்கு" என்று வேறு சொல்லிவைத்தார்.

மறுநாள் வீட்டுக்குப் பின்னால் மேய்ச்சல் நிலத்தில் நின்று மூன்று தோட்டா சுட்டுப் பார்த்தார். முதல் வெடியில் தொப்பி போனது. இரண்டாவதில் மூக்குக்கண்ணாடி போனது. மூன்றாவதை எதற்குச் சுட்டோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கலாம்தான். கொடுத்தால் ஆர்லோ சாகிறவரைக்கும் சொல்லிக் காட்டுவார். ஆகவே ஒரே வழி, தோட்டாவை வீட்டிலேயே தயாரிப்பது. வெடிமருந்தைக் குறைத்து, உதைக்காத சாதுத் தோட்டாவாக.

டட்லி கடையில் அச்சுக் கருவி, தராசு, மருந்து டப்பா, குண்டுகள், ஒரு வாளி காலிப் பித்தளைக் கூடு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"மிதமான மருந்தாக் கேக்கறே. யாருக்கு?" என்றார் டட்லி.

பின்னால் யாரோ கனைத்தார்கள். தூண்டில் முள் பார்த்துக்கொண்டிருந்தவர் ஆர்லோ.

"லோர்னாவுக்கு" என்றது வெர்லினின் வாய். "அவளுக்கும் சுடணும்னு ஆசை. பாவம், சின்ன உடம்பு. அந்த உதையத் தாங்கமாட்டா."

ஆர்லோ நெகிழ்ந்துபோனார். "நல்ல புருஷன்யா நீ."

வெர்லின் வீட்டுக்கு வந்து கூடுகளைப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கழுவினார். சீக்கிரம் காயட்டும் என்று ஒரு தட்டில் பரப்பி, லேசான சூட்டில் கேக் அடுப்புக்குள் வைத்தார். வைத்ததை மறந்தும் போனார். மத்தியானம் ஆப்பிள் பை என்ற பலகாரம் சுடுவதற்காக லோர்னா அடுப்பைத் திறந்தார்.

"வெர்லின்."

"என்ன?"

"உள்ள ஏதோ வெந்துட்டிருக்கு. எனக்குத் தெரிஞ்ச பதார்த்தம் இல்ல."

"வெறும் கூடுதான். மருந்து கிடையாது. காயட்டும்னு வெச்சேன்."

"என் ஆப்பிள் பை சுடற தட்டுல."

அது கேள்வி இல்லை. வெர்லின் தட்டையும் கூடுகளையும் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கருவியோடு வந்த கையேட்டில் மருந்துக்கு மிகக் குறைந்த அளவு என்று ஒன்று போட்டிருந்தது. வெர்லின் அதைப் படித்தார். குறைச்சல் நல்லதென்றால், இன்னும் குறைச்சல் இன்னும் நல்லதுதானே என்று அவருக்குத் தோன்றியது. அதில் பாதியைப் போட்டார்.

மேய்ச்சல் நிலத்தில் நின்று, பல்லைக் கடித்து, விசையை அழுத்தினார். சோடா புட்டி திறந்தது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். தோள் துளியும் அசையவில்லை. வெர்லின் மகிழ்ந்துபோனார். துப்பாக்கியைத் திறந்து காலிக் கூட்டை எடுத்துவிட்டுக் குழல் வழியாக வானத்தைப் பார்த்தார். வானம் தெரியவில்லை. குண்டு நடுவழியில் உட்கார்ந்திருந்தது.

நல்லவேளை, அடுத்த தோட்டாவைப் போடவில்லை. லோர்னாவின் திரைச்சீலைக் கம்பு மரத்தில் ஆனது, குழலுக்குள் போகிற பருமன். அதைக் கழற்றி வந்து செருகித் தட்டினார். குண்டு அசையவில்லை. பலமாகத் தட்டினார். இப்போது கம்பும் அசையவில்லை.

துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி டட்லியிடம் எடுத்துப் போனார். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பை டட்லி வெகுநேரம் பார்த்தார்.

"கொடி ஏத்தப் போறியா?"

"எடுத்துக் குடு, புண்ணியமாப் போகும்."

"கையேட்ல குறைஞ்ச அளவு போட்டிருக்கே, பாக்கலையா? ஒரு சிட்டிகை குறைச்சுக்க இது என்ன சூப்புக்கு உப்பா? மருந்து அதிகமானாலும் ஆபத்து, ரொம்பக் குறைஞ்சாலும் ஆபத்து. போட்டிருக்கறத அப்படியே போடு."

"லோர்னாவுக்காச்சேன்னு பாத்துப் பாத்துப் போட்டேன்."

"பாவம் லோர்னா" என்றார் டட்லி. அன்று கடைக்கு வந்த எல்லாரிடமும் அதையே சொன்னார்.

டட்லி கம்பையும் குண்டையும் எடுத்துக் கொடுத்த பிறகு, வெர்லின் கையேட்டை மீறவில்லை. தோட்டாக்களும் சொன்ன பேச்சைக் கேட்டன. தெரிந்தவர் ஒருவர் தோளைத் தட்டி நலம் விசாரிப்பது போன்ற உதை. இனி எல்லாம் சுகம் என்று அவர் நினைத்திருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து லோர்னா திரும்பினார். கையில் ஒரு பாத்திரம் நிறைய நூடுல்ஸும் இறைச்சியும். பையில் மூன்று புட்டி வலித் தைலம்.

"எனக்குத் தோள் வலியாம்" என்றார் லோர்னா, புட்டிகளை மேஜைமேல் வரிசையாக வைத்தபடி. "நான் துப்பாக்கி கத்துக்கறேனாம். உதை தாங்காம ராத்திரியெல்லாம் அழறேனாம். ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் யாரும் சொல்லல."

"உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு..."

"இருந்துச்சு."

வெர்லின் புட்டிகளைப் பார்த்தார். "இதுல ஒண்ணை நான் எடுத்துக்கவா?"

"எடுத்துக்க. ஊர் எனக்காகக் குடுத்தது, வீணாப் போக வேண்டாம்."

அன்று சாயங்காலமே ஆர்லோ தொலைபேசியில் கூப்பிட்டார். சனிக்கிழமை துப்பாக்கிக் கழகத்தின் போட்டி. "உங்க ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டேன். ஒரே துப்பாக்கி. அவளுக்கு உன் சாதுத் தோட்டா, உனக்குக் கடைத் தோட்டா. உதைக்குப் பயப்படாத ஆள் சுடறத எல்லாரும் பாக்கட்டும்."

வெர்லின் தொலைபேசியை வைத்தார். தம் கையால் செய்த சாதுத் தோட்டா, தம் வாயாலேயே மனைவியின் சொத்தாகிவிட்டது.

"உனக்கு இஷ்டமில்லன்னா வேண்டாம்" என்றார் லோர்னாவிடம். "நான் சொல்லிடறேன்." லோர்னா விலகினால், அந்தச் சாக்கில் தாமும் விலகலாம் என்று கணக்கு.

"பேர் குடுத்தாச்சே. போலாம்."

வேறு வழியில்லாமல் வெர்லின் ஒரு தந்திரம் செய்தார். கடைத் தோட்டாவில் இருக்கிற அதே குண்டு, அதே கம்பெனிக் கூடு. அவற்றை வைத்து, பார்த்தால் வித்தியாசமே தெரியாத சாதுத் தோட்டாக்களைச் செய்து, காலியான கடைப் பெட்டியிலேயே அடுக்கினார். லோர்னாவும் அதிலிருந்து சுடட்டும், தாமும் அதிலிருந்தே சுடலாம். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

சனிக்கிழமை மைதானத்தில் நல்ல கூட்டம். தோட்டா எடுத்துக் கொடுப்பது ஓபல் என்ற அம்மாளின் வேலை. சுடுகிறவர்களுக்கு ஒவ்வொன்றாகத்தான் கொடுப்பார், கழகத்து விதி அது. அவருடைய மேஜையில் வெர்லின் தம் பெட்டியை வைத்தார். பக்கத்தில் ஆர்லோ இன்னொன்றை வைத்தார். அதே கம்பெனிப் பெட்டி, பிரிக்காதது.

"உனக்காக வாங்கினேன்" என்றார் ஆர்லோ. "அது லோர்னாவோடது, இது உன்னோடது. ஓபல், மாறிடாமப் பாத்துக்க."

வெர்லின் நன்றி சொன்னார். ஆர்லோ பார்த்துக்கொண்டிருந்ததால், அடையாளத்துக்குத் தம் பெட்டியில் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடும் போட்டுக் கொடுத்துவிட்டு, பின்னால் போய் உட்கார்ந்தார்.

முதலில் லோர்னா. மேஜையருகே ஓபல் ஏதோ கேட்டதும் லோர்னா ஏதோ சொன்னதும் தூரத்தில் தெரிந்தது. பிறகு துப்பாக்கியை எடுத்தார், வைத்தார், சுட்டார். தூரத்தில் இலக்காக நின்ற இரும்புத் தகட்டுப் பன்றியின் நடு வயிற்றில் மணியடித்தது போலச் சத்தம். மறுபடி வயிறு. மறுபடியும் வயிறு. ஒவ்வொரு வெடிக்கும் லோர்னாவின் தோள் பின்னால் போய் வந்தது. கூட்டம் கைதட்டியது.

சாதுவாக இருந்தாலும் சத்தத்துக்குக் குறைவில்லையே என்று வெர்லினுக்குத் தம் கைவேலையைப் பற்றிப் பெருமையாக இருந்தது. தோளைத் தடவிக்கொண்டு வந்த மனைவியிடம் மெல்லச் சொன்னார்: "ரொம்ப நடிக்காதே."

"சரி. எங்க கத்துக்கிட்டேன்னு கேக்கமாட்டியா?"

"எங்க?"

"அப்பாவோட ஆட்டுப் பண்ணைல. நரி வரும்."

"என்கிட்ட சொன்னதே இல்லையே."

"நீ மலை வேட்டைக் கதைய முடிக்கட்டும்னு காத்திட்டிருந்தேன்."

வெர்லினின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவர் ஒரு நிமிஷம் நின்றார். தம் பொய்யை ஊர் முன்னால் ஒரு வார்த்தை மறுக்காமல் தாங்கியவள். இப்போதாவது சொல்லிவிடலாம். "லோர்னா, அந்தத் தோட்டா உனக்காக இல்ல..."

"போய்ச் சுடு, வெர்லின். எல்லாரும் காத்திருக்காங்க."

போனார். ஓபல் கொடுத்த தோட்டாவைப் போட்டார். தோளை இறுக்கி, கண்ணை மூடி, தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டு அழுத்தினார். வெடித்தது. வலிக்காகக் காத்திருந்தார். வரவில்லை. குண்டு பன்றியின் காலடியில் மண்ணைக் கிளப்பியது. இரண்டாவது பன்றியின் குளம்பில் பட்டது. மூன்றாவதைக் கண்ணைத் திறந்துகொண்டே சுட்டார். வயிற்றில் பட்டது.

திரும்பி நடந்தவர் வேறு வெர்லின். ஆர்லோ கைகுலுக்கினார். வெர்லின் நேராக ஓபலின் மேஜைக்குப் போனார். ஓபல் காலிக் கூடுகளைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தியா ஓபல்? முழு மருந்து. கொசு கடிச்ச மாதிரிகூட இல்ல. எல்லாம் மனசுலதான் இருக்கு. இனிமே அந்தச் சாதுத் தோட்டாவெல்லாம் லோர்னாவே வெச்சுக்கட்டும்."

ஓபல் நிமிரவில்லை. "அவ எங்க அதைத் தொட்டா? ரெண்டு பெட்டியையும் மாத்திக் குடுக்கச் சொல்லிட்டுத்தானே துப்பாக்கியையே கைல எடுத்தா."