பதினாலாம் கட்டிலின் விடுப்பு

புதிதாக வரும் எந்த நேர்ஸும், வார்டை நன்கறிந்த ஒருவரிடம் அறிமுகப் பயிற்சி பெற்று, கையெழுத்து வாங்கிய பிறகே நோயாளியைத் தொடலாம் என்பது அந்த மருத்துவமனையின் விதி. நல்ல விதி. குறை சொல்ல ஏதுமில்லை. ஆறாம் வார்டின் நிரந்தர நேர்ஸ்கள் ஒவ்வொருவராக விலகிப்போய், வார்டு முழுவதும் ஏஜென்சி அனுப்பும் தற்காலிக நேர்ஸ்களால் நடக்கத் தொடங்கிய பிறகும் விதி அப்படியே இருந்தது.

அஞ்சலீனா பதின்மூன்று வார ஒப்பந்தத்தில் ஒரு திங்கட்கிழமை காலை வந்து சேர்ந்தாள். பத்தொன்பது வருட அனுபவம். லண்டனில் இது பதினோராவது மருத்துவமனை. பயிற்சியை யாரிடம் பெறுவது என்று மேசையில் இருந்த நேர்ஸிடம் கேட்டாள். அவள் முந்தாநாள்தான் வந்தவள். பேனாவால் பதினாலாம் கட்டிலைக் காட்டினாள்.

அங்கே சண்முகராசா கண்ணாடி போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். வயது அறுபத்தெட்டு, வீடு செவன் கிங்ஸில்.

"வாங்கோ பிள்ளை. ஏஜென்சிதானே? எத்தினை கிழமைக்கு?"

"பதின்மூண்டு, ஐயா."

"அப்ப வடிவாச் சொல்லித் தரலாம். ஒரு நாளைக்கு வாறவைக்கு நான் ஒக்சிஜனையும் கக்கூசையும் மட்டும்தான் காட்டுறனான்."

பித்தப்பையை எடுப்பதற்காக வந்தவர் அவர். எடுத்தார்கள். ஆறாம் நாள் காயம் ஆறியது. இன்று நாற்பத்தேழாம் நாள். அவர் வீட்டு மாடிப்படியை உள்ளூராட்சிக் கவுன்சில் அளந்து, கைப்பிடி பொருத்தினால்தான் வீட்டுக்கு அனுப்பலாம். இதற்கிடையில் உடற்பயிற்சியாளர் அவரைப் படியேற்றிப் பார்த்தார். மூன்றாம் தடவை பயிற்சியாளர் பாதியில் மூச்சு வாங்க நின்றுவிட்டார். சண்முகராசா மேலே போய்க் காத்திருந்தார். 'நோயாளி மாடியில் தனியாக நின்றார், கண்காணிப்புத் தேவை' என்று அறிக்கை எழுதப்பட்டது.

அவர் அஞ்சலீனாவுக்கு வார்டைச் சுற்றிக் காட்டினார். இரண்டு பிரஷர் மெஷின்களில் இடப்பக்கத்தது எல்லோருக்கும் பத்துக் கூட்டிக் காட்டும். கையுறைகள் 'பிளாஸ்டர்' என்று எழுதிய இழுப்பறையில் இருக்கும், பிளாஸ்டர் எங்குமே இருக்காது. மருந்து அலுமாரி வந்ததும் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"இந்தப் பூட்டு நம்பரை நான் சொல்லக் கூடாது, பிள்ளை. இரகசியம். கம்பியூட்டருக்குப் பின்பக்கம் ஒட்டிக் கிடக்கு."

படிவத்தில் கையெழுத்துப் போட்டு, 'பதவி' என்ற இடத்தில் 'கட்டில் 14' என்று எழுதினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வெள்ளிக்கிழமை என்ர மகள் தர்ஷினிக்குக் கலியாண எழுத்து. பதினொரு மணிக்கு, ரெஜிஸ்டர் ஒஃபீசில. நான் சாட்சிக் கையெழுத்து வைக்கவேணும்."

"சொந்தப் பொறுப்பில போறன் எண்டு நீங்களே எழுதிக் குடுத்திட்டுப் போகலாம்தானே?"

"போனால் கவுன்சில் வரிசையில இருந்து பேரை வெட்டிப்போடுவினமாம். ஏழு கிழமையா நிண்ட வரிசை."

அஞ்சலீனா, நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரியான பவித்திரனிடம் போனாள். கோலாலம்பூரில் பிறந்தவர், யார் மனதும் நோகாமல் மறுக்கக்கூடியவர்.

"கைப்பிடி இல்லாம எப்படிங்க அனுப்புறது?"

"அவர் ஒரு நாளைக்கு எட்டுத்தரம் படி ஏறுறார்."

"இங்க உள்ள படிதானே? இங்க கைப்பிடி இருக்கு." பவித்திரன் கதவைச் சாத்தினார். "அதோட, அவரு போயிட்டா அடுத்த திங்கள் வர்ற ஆறு பேருக்கு யாரு பயிற்சி குடுக்கிறது? பயிற்சி இல்லாம நேர்ஸ் இல்லை. நேர்ஸ் இல்லாம வார்டு இல்லை. வார்டை மூடிட்டா அவரை எங்க படுக்க வைக்கிறது? அவர் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அப்ப அவர் நோயாளியோ, ஊழியரோ?"

"பயிற்சியைப் பொறுத்தவரைக்கும் ஊழியர் மாதிரிதான்."

"எழுத்தில தருவியளோ?"

ஆளை அனுப்ப மறுத்தாலும், எழுத்தில் தர மறுத்துப் பவித்திரனுக்குப் பழக்கமில்லை. தந்தார்.

அந்தக் கடிதத்துடன் ஒரு விடுப்புப் படிவத்தையும் இணைத்து, ஊழியர் நலப் பிரிவுக்கு அஞ்சலீனா அனுப்பினாள். ஆறாம் வார்டின் பயிற்சியாளர் நாற்பத்தேழு நாட்களாக ஒரு நாளும் ஓய்வின்றி, இரவிலும் பணியிடத்திலேயே தங்கியிருக்கிறார் என்று எழுதியிருந்தாள். பதினொரு நிமிடத்தில் பதில் வந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு விடுப்பு. நிர்வாகத்தின் ஆழ்ந்த வருத்தம். களைப்பை வெல்வது எப்படி என்று ஒரு துண்டுப்பிரசுரம். கைப்பிடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஊழியர்களின் வீட்டுப் படியை யாரும் அளப்பதில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சண்முகராசா பட்டு வேட்டியுடன் சாட்சிக் கையெழுத்து வைத்தார். பழக்கதோஷத்தில் பெயருக்குக் கீழே 'கட்டில்' என்று தொடங்கி, தர்ஷினி முழங்கையில் இடித்ததும் நிறுத்தினார். மூன்று நாளும் தன் வீட்டுப் படியில் ஏறி இறங்கினார். விழவில்லை.

"இனி என்னத்துக்கு அங்க போறியள்?" என்றாள் மனைவி வசந்தமலர். "போன் பண்ணி உடம்புக்கு ஏலாது எண்டு சொல்லுங்கோ."

"ஏலாது எண்டால் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுவினம். அதோட ஆறு பிள்ளையள் வருகினம். இடப்பக்க மெஷினைப் பற்றி ஆர் சொல்லுறது?"

திங்கட்கிழமை காலை வசந்தமலர் வேலைக்குப் போனாள். அவர் சாப்பாட்டுப் பார்சலுடன் பஸ் ஏறினார். ஏழரைக்கு வார்டில் நின்றார். அவரைக் கண்டதும் அஞ்சலீனாவுக்கு வந்த நிம்மதி அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

எட்டு மணிக்குக் கவுன்சில்காரர் அளவு நாடாவுடன் செவன் கிங்ஸ் வீட்டு மணியை அழுத்தினார்.

அவர் போட்டுவிட்டுப் போன அட்டையைப் பின்னேரம் வசந்தமலர் கொண்டுவந்தாள். அஞ்சலீனா வாசித்தாள். 'வீட்டில் எவரும் இல்லை. நோயாளி வெளியே நடமாடுவதாக அறிகிறோம். ஆகவே அவசரத் தேவை இல்லை. விண்ணப்பம் வரிசையின் இறுதிக்கு மாற்றப்பட்டது.'

சண்முகராசா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமை.

"உங்களுக்கு இன்னும் எத்தினை கிழமை, பிள்ளை?"

"பன்னிரண்டு."

"அது முடிய இங்கயே நிரந்தரமா நில்லுங்கோவன். பயிற்சியை நீங்கள் குடுத்தால் என்னை விட்டிடுவினம்."

"ஐயோ, என்ன ஐயா பகிடி விடுறியள்?" அஞ்சலீனா சிரித்தாள். "இந்த வார்டில மனுசர் நிரந்தரமா இருப்பினமோ?"

பயிற்சி முடிந்து கையெழுத்துக்காகக் கட்டில் காலடியில் நின்ற ஆறு புதிய நேர்ஸ்களும், அவள் சிரித்ததால், சிரித்தார்கள். சண்முகராசா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலாவது படிவத்தைக் கையில் எடுத்தார்.