எங்கள் வீட்டுச் செட் தோசை டிவி

நான் செய்த பெரிய தவறுகள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நல்ல பட்டியல் இருந்திருக்கிறது. யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை. எண் போட்டு, அடிக்கோடிட்டு, யோசித்துத்தான் செய்தேன்.

அப்பா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. மைசூரு விஜயநகர் வீட்டில் அம்மா, நான், ஒரு பெரிய ஸ்மார்ட் டிவி என்று மூன்று பேர் மிஞ்சியிருந்தோம். என் வேலை தரவுப் பாதுகாப்பு. (ஊரார் தகவல் கசியாமல் பார்த்துக்கொள்வேன். அடுப்பில் பால் பொங்காமல் பார்த்துக்கொள்ளத் தெரியாது.) ஒரு ஞாயிற்றுக்கிழமை, துக்கத்தை வைக்க வேறு இடம் கிடைக்காமல், வீட்டு இணையத்தில் எந்தக் கருவி யாரோடு பேசுகிறது என்று சோதிக்க உட்கார்ந்தேன். அணைத்து வைத்திருந்த டிவி யார் யாருக்கோ சேதி அனுப்பிக்கொண்டிருந்தது.

அம்மாவிடம் போய் நின்றேன். "அம்மா, இந்த டிவி நாம பாக்கறது, கேக்கறது எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்குது. தெரியுமா?"

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, "ஆமா கண்ணு, வெச்சிருக்குது" என்றாள்.

"பயமா இல்லயா உனக்கு?"

"அதுல பயப்பட என்ன இருக்குது?"

பாமரத்தனம் என்று முடிவு கட்டினேன். ரிமோட்டில் இருக்கும் மைக் பட்டனைக்கூட அம்மா தொட மாட்டாள். ஏதாவது பாட்டு வேண்டுமென்றால் சாயங்காலம் நான் வரும்வரை காத்திருந்து என் போனில் தேடச் சொல்வாள். ஒருமுறை நான் அந்தப் பட்டனை அமுக்கப் போனபோது, "பேடா, பேடா" என்று, வேண்டாமென்பதைக் கன்னடத்தில் சொல்லிப் பதறி, ரிமோட்டைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பயன்படுத்தவே தெரியாத ஒருத்தி வீட்டில் டிவிக்கு எதற்குக் காது?

மாற்று வழிகளைப் பட்டியலிட்டேன். முதலாவது, இதே டிவியை இணையத்திலிருந்து துண்டித்துவிடுவது. (இதுவே போதுமானது. ஆனால் இதில் என் படிப்புக்கு வேலையில்லை என்பதால் அடித்துவிட்டேன்.) புரொஜெக்டர் வைக்கலாம், எங்கள் ஹால் சுவரில் ஓதம் ஏறி யானை மாதிரி ஒரு கறை நிற்கிறது, எல்லாப் படத்திலும் அது நடிக்கும். பழைய டப்பா டிவி கிடைத்தாலும் பழுதுபார்க்க ஆளில்லை. கணினித் திரை அம்மாவின் கண்ணுக்குச் சிறிது. ஐந்தாவதுதான் என் மேதமை: கடைகளில் மாட்டும் விளம்பரத் திரை. பெரியது, இணையம் கிடையாது, மைக் கிடையாது, வெறும் கண்ணாடி. கேபிள் பெட்டியைச் செருகினால் தீர்ந்தது.

பக்கத்துத் தெருவில் ஒரு டிபன் கடையை மூடிக்கொண்டிருந்தார்கள். கல்லாவுக்கு மேல் மெனு காட்டிக்கொண்டிருந்த திரையைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்கள்.

அம்மா ஒரு கல்யாணத்துக்கு இரண்டு நாள் மாமாவின் ஊரான ஹனூருக்குப் போனாள். வந்து பார்த்தால் மலைத்துப் போகவேண்டும் என்று நினைத்தேன். பழைய டிவியைக் கீழ்வீட்டு சாவித்ரம்மாவுக்கு என்று பேசியாயிற்று. கொடுக்கும் முன் அழிக்க வேண்டுமே! என் தொழிலே அதுதானே. 'எல்லாத் தரவும் அழிக்கப்படும், திரும்பப் பெற முடியாது' என்றது திரை. சரி என்றேன். அதோடு விடவில்லை. அந்த டிவி அப்பாவின் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. என் போனிலிருந்து அந்தக் கணக்குக்குள் போய், அங்கிருந்த தேடல் வரலாற்றையும் அழித்து, கணக்கையே மூடினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பிறர் தகவலைப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம்.

மறுநாள் மத்தியானம் அம்மாவும், அவளைக் கொண்டுவந்து விட என் மாமாவும் வந்தார்கள். நான் பெருமையாகப் புதுத் திரையைப் போட்டேன். சீரியல் ஓடியது. கதாநாயகி மாமியாரிடம் திட்டு வாங்கிக் கண் கலங்கி நின்றாள். அவள் நெற்றிக்குக் குறுக்கே, மங்கலாக, கன்னட எழுத்தில் 'செட் தோசை' என்றிருந்தது.

வருடக்கணக்கில் ஒரே மெனுவைக் காட்டிக்காட்டி எழுத்து திரையிலேயே பதிந்துவிட்டிருந்தது. கன்னத்தில் ரவா இட்லி. தாலிக்கு நேராகக் காபி.

மாமா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. "ஏனம்முணி, அழுகறதுக்கு முந்தி இவ டிபன் சாப்புட்டாளா இல்லையா?"

அம்மா சிரிக்கவில்லை. "பழைய டிவி எங்க சாமி?"

"சாவித்ரம்மாவுக்குக் குடுத்துட்டேன்."

கல்யாணப் பட்டுப்புடவையோடு அம்மா படியிறங்கிப் போனாள். நான் பின்னால் ஓடினேன். "பன்னி பன்னி" என்று கன்னடத்தில் வரவேற்ற சாவித்ரம்மாவைத் தாண்டிப் போய் ரிமோட்டை எடுத்து, மைக் பட்டனை அமுக்கினாள். எனக்குத் தெரிந்து முதல் தடவை. 'நீங்கள் இதுவரை எதையும் தேடவில்லை' என்றது டிவி.

"இத அமுக்கினா உங்கப்பா கேட்டதெல்லாம் இதுல வரும்" என்றாள் அம்மா. "ஒம்பது வரி. நீ ஆபீஸ் போனப்புறம் தெனமும் பாப்பேன். புதுசா ஒண்ணு கேட்டா அடியில இருக்கற வரி போயிருமாமா, அவரே சொல்லியிருக்கறாரு. அதான் நான் ஒண்ணுமே கேக்கறதில்ல."

எட்டு மாதமாக அம்மா ஒரு பாட்டுக்கூடக் கேட்காமல் காத்து வைத்திருந்தது அது.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீதான கண்ணு சொன்ன, அது எல்லாம் ஞாபகம் வெச்சுக்குதுன்னு. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்." ரிமோட்டை என்னிடம் நீட்டி, "உன்ர படிப்புல இதத் திருப்பிக் கொண்டார வழியிருக்குதா?" என்றாள்.

அழித்தது திரும்பி வராது என்று கையெழுத்துப் போட்டுத் தருவதற்குத்தான் எனக்குச் சம்பளம். "இல்லம்மா" என்றேன். "நல்லாவே அழிச்சுட்டேன்."

"ஏதாச்சும் ஒண்ண அரைகுறையாச் செய்யக் கூடாதா நீ?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை உள்ளே நிற்கிறது.

அன்று சாயங்காலம் ஒரு நோட்டில் ஒன்று முதல் ஒன்பதுவரை எண் போட்டேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் வரி, நாளைக்கு மழை வருமா. அதுதான் அவர் கடைசியாகக் கேட்டது. பிறகு, மாதேஸ்வரன் மலைக்கு முதல் பஸ் எப்போது. வெங்காயம் நறுக்கினால் கண் எரியாமலிருக்க என்ன செய்வது. (அம்மாவுக்குக் காய் நறுக்கிக் கொடுப்பது அவர் வழக்கம்.) ஐந்தாவது, கால் வீக்கம் எதனால் வரும்.

"இத டிவிகிட்டக் கேட்டிருக்கறாரு" என்றாள் அம்மா. "நம்மகிட்டக் கேக்கல."

ஏழு வரி வந்தது. நான்கும் எட்டும் வரவில்லை.

அந்தத் திரை இன்னும் எங்கள் ஹாலில்தான் இருக்கிறது. உறவுக்காரர்கள் வந்தால் "இன்னைக்கு என்ன டிபன்?" என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுகிறார்கள். நான் பாத்திரம் கழுவ எழுந்தால், "அரைகுறையாக் கழுவு கண்ணு, அது போதும்" என்று அம்மா குரல் கொடுப்பாள். மாமா இதை ஹனூர் முழுக்கப் பரப்பிவிட்டார். எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் இடத்திலும் சொல்கிறாராம்.

போன வாரம் மீட்டிங்கில் இருந்தபோது அம்மா போன் செய்தாள். "கண்ணு, எட்டாவது நெனப்பு வந்துருச்சு. தரவுப் பாதுகாப்புன்னா என்ன வேலைன்னு கேட்டிருந்தாரு."

நான் வெளியே வராந்தாவுக்கு வந்தேன். "டிவி என்ன சொல்லுச்சாம்?"

"அது தெரியாதே. கேள்வி மட்டுந்தான இருக்கும்."

வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்து, எட்டுக்கு நேராக எழுதினேன். ஹாலில் யாரோ ஒரு கதாநாயகி செட் தோசைக்கு அடியில் அழுதுகொண்டிருந்தாள். நான்கு இன்னும் காலி.