இடது கை முடிச்சு

மஸ்கட் கடலில் என் இடுப்பு உயர வஞ்சிரம் மீனை ஒற்றை ஆளாகப் பிடித்தவன் நான்.

பொய். நான் தோணியின் பின்பக்கம் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். பிடித்தது நாடா அண்ணன். மீனின் வாயைத் திறந்து கடிதம் படித்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். நான் கையெழுத்துப் போடவே நாக்கைக் கடிக்கிறவன்.

நாடா அண்ணன் நகரியில் தறி ஓட்டியவர். சும்மா இருந்தாலும் கை இடமும் வலமும் ஓடும், தறியில் ஊடு நூலைக் கொண்டு ஓடும் நாடாவைப் போல. அதனால் அந்தப் பெயர். ஊரில் வீட்டுக்கு ஒருவர் பாஸ்போர்ட் எடுத்த காலம். முன்னால் மஸ்கட் போன அவருடைய தம்பியிடமிருந்து நான்கு வருடமாகத் தகவல் இல்லை. தேடத்தான் இவரும் விசா வாங்கினார். வந்து மாட்டியது, மீன்பிடிக்கக் கயாக் தோணி வாடகைக்கு விடும் கொட்டகையில், என்னோடு.

தூண்டிலில் நீளமாக ஓடுவது வழுக்கும் பின்னல் நூல். கொக்கிக்குப் பக்கத்தில் மட்டும் பாறையில் உரசினாலும் அறுபடாத தடித்த நைலான் இழை, தங்கூசி. இரண்டும் சேரும் இடத்தில்தான் மீனின் விதியும் எங்கள் வேலையும் இருந்தன. முதல் நாள் நாடா தறி முடிச்சுப் போட்டார். உருவிக்கொண்டது. முதலாளி அரபியில் கத்தினார். எனக்கு அரபி தெரியாது. "டீ குடிச்சிட்டு வரச் சொல்றாருண்ணா" என்றேன்.

நாடா யோசித்தார். "பஞ்சு நூலு ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கும்டா. இது வழுக்குது. இத கட்டக்கூடாது, நெய்யணும்."

பின்னல் நூலைப் பல்லில் இழுத்துப் பிடித்து, தங்கூசியை அதன் மேலும் கீழுமாக இருபது தடவை ஓட்டினார். கடைசியில் நூலின் வாலை உள்ளே சொருகினார். "எங்க வூட்டு வழக்கம். நானு வலப் பக்கம் சொருவுவேன். தம்பி எடது கைக்காரன், எடப் பக்கம்." மிச்ச நூலைக் கடித்து அறுத்தார். "எங்க கீறானோ."

ஒருநாள் விடிந்தும் பனி விலகவில்லை. புது முடிச்சுகளைச் சோதிக்க இருவரும் தோணியில் போய்த் தூண்டில் போட்டோம். திடீரென்று தோணி தானாக நகர்ந்தது.

"காத்தே இல்ல, துடுப்பும் போடல! யாருண்ணா இழுக்கறது?"

"தறி ஓடற மாதிரி இழுக்குதுடா."

தக், தக், தக். நான் திருமலையில் ஆரம்பித்து காளஹஸ்தி வரை எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், நடுநடுவே வாந்தியோடு.

மீன் மேலே வந்தது. அதன் வாயில் எங்களுடையது அல்லாத இன்னொரு கொக்கி, ஒரு சாண் தங்கூசி, அதன் நுனியில் பின்னல் நூல். நாடாவின் கை நின்றது. அது நின்று நான் பார்த்ததில்லை.

"பாசி புடிக்கல. ரெண்டு நாளுதான் ஆயிருக்கும். வாலு எடப் பக்கம்டா."

தன் நூலில் ஒரு துண்டை அதன் பக்கத்திலேயே நெய்து, வாலை வலப் பக்கம் சொருகி, மீனைத் தண்ணீரில் விட்டார்.

"அண்ணா, வஞ்சிரம்ணா! முதலாளி நம்மளத் துன்னுடுவான்!"

"துன்னட்டும். பதிலு போவுணும்."

அதன்பிறகு மீன் மார்க்கெட்டில் ஒவ்வொரு மீனின் வாயையும் திறந்து பார்த்தார். மீன்காரர்கள் துரத்தியது என்னை. நான்தான் மெதுவாக ஓடுவேன்.

பத்து மாதம் கழித்து மறுபடி அதே பனி, அதே தக், தக். மீன் வந்தது. நாடா வாயைத் திறந்தார். உள்ளே—

"யோவ், கடைக்கு வா!" கதையை முடிக்க விடாமல் என் சம்சாரம் கூப்பிடுகிறாள். "நாடாண்ணா வந்துக்கிறாரு."

"தனியாவா?"

"தனியாதான். ஆனா ரெண்டு டீ கேக்கறாரு."

ஊர் திரும்பிய பிறகு, திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எங்கள் டீக்கடை. மாதம் ஒருமுறை வருவார். இரண்டாவது டம்ளரை, தம்பிக்கு என்று, அவருக்கு இடது பக்கம் வைப்பேன். எப்போதும் காலியாகத்தான் திரும்பும். யார் குடிக்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை. சர்க்கரை மட்டும் இரண்டிலும் சமமாகப் போடுவேன்.