மாப்பிள்ளை கொடுத்த ஒரிஜினல் சைக்கிள்

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும், உங்கள் மாமியாரும், உங்களிடம் கோபித்துக்கொண்டு வந்து மூன்று வாரமாக எங்களோடு தங்கியிருக்கும் உங்கள் மனைவியும் நலம். தனியாகச் சமைத்துச் சாப்பிடும் நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. நான் ஓய்வுபெற்ற அன்று நீங்கள் பரிசளித்த பழைய சைக்கிளைப் பற்றித்தான். "அறுபது வருஷத்து வண்டி மாமா, ஒரு நட்டுகூட மாத்தலை, எல்லாம் ஒரிஜினல்" என்று நீங்கள் சொன்னதும், "முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே அளவுகூட இல்லையே" என்று என் மகள் எல்லார் முன்னிலையிலும் போட்டு உடைத்ததும், நீங்கள் அடித்துச் சத்தியம் செய்ததும், அவள் பெட்டியைத் தூக்கியதும் ஊரறிந்த கதை. இப்போது, "ஒரே ஒரு பாகமாவது அவர் சொன்ன மாதிரி இருக்கட்டும்பா, நாளைக்கே போறேன்" என்கிறாள். அந்த ஒரு பாகத்தைத் தேடி நானும் கடைத்தெரு சைக்கிள் கடைக்காரரும் வண்டியைப் பிரித்துச் செய்தித்தாள் மேல் பரப்பினோம். மட்கார்டு ஒரு கம்பெனி, செயின் கவர் இன்னொரு கம்பெனி, இடது பெடல் ரப்பர், வலது பெடல் இரும்பு, ஹேண்டில் ஏதோ பால்காரர் வண்டியுடையது, ஃபிரேமோ நடுக்கம்பியே இல்லாத பெண்கள் சைக்கிள்! ஃபிரேமில் குத்திய எண் தெரிந்தால் அதையாவது பழசு என்று சாதிக்கலாம் என்றார் கடைக்காரர். பளிச்சென்று தெரியட்டுமே என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது, எண்தான் போய்விட்டது. "கெடுத்தீங்களே சார் காரியத்தை" என்று அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மறுபடி பூட்டி ஓட்டினால் இன்னொரு கூத்து. முன்சக்கரம் சின்னதல்லவா, சமதரையிலும் இறக்கத்தில் போகிற மாதிரியே இருக்கிறது. மிதிக்க மறந்து மிதந்துகொண்டிருக்கிறேன். மரநிழல்கள் ஒவ்வொன்றாகச் சட்டைமேல் ஏறி நழுவி இறங்குகின்றன. தபாலாபீசுக்குக் கிளம்பினால் ஏரிக்கரையில் போய் நிற்கிறேன், எந்த வழியாக வந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. காய்கறி வாங்கப் போய் வெறும் பையோடும் அசட்டுச் சிரிப்போடும் திரும்புகிறேன். "என்னங்க, மந்திரிச்சு விட்ட மாதிரி வர்றீங்க?" என்று உங்கள் மாமியார் பயப்படுகிறாள்.

இந்த ஒட்டுப்போட்ட வண்டி எனக்கு வேண்டவே வேண்டாம். உடனே வந்து எடுத்துப் போகவும். சொன்னது பொய் என்று மகளிடம் ஒப்புக்கொள்ளவும். வாடிப்போன முகத்தோடு அவள் ஜன்னலில் நிற்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

நீங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் நெடுங்காலம் சண்டை போட்டு வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது கடைக்காரர் வந்தார். மனசு கேட்கவில்லையாம். "நாலு மாசமா லீவு நாள் பூரா மாப்பிள்ளை என் கடையிலதான் சார் கிடந்தார். உங்களால காலைத் தூக்கிப் போட முடியாதுன்னு அந்த ஃபிரேம், கழுத்து வலிக்கு அந்த ஹேண்டில். ஒவ்வொண்ணா தேடிப் பொறுக்கினார். ஒரிஜினல் இல்லேன்னா மாமா தொடமாட்டார், சொல்லிடாதீங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டார்." இது தெரிந்துகொண்டே என்னோடு உட்கார்ந்து தேடியிருக்கிறார், பாவி மனுஷன்! ஒரிஜினல் ஒரிஜினல் என்று நான் ஆடிய ஆட்டம்தான் உங்களைப் பொய் சொல்ல வைத்தது. மன்னியுங்கள். எல்லாவற்றையும் கதவோரம் நின்று கேட்ட உங்கள் மனைவி, "எனக்குக்கூடச் சொல்லாம நாலு மாசமா? நேர்லயே போய்க் கேக்குறேன்" என்று கிளம்பிவிட்டாள். சண்டைக்குத்தான் வருகிறாள், ஆனால் பெட்டியோடு வருகிறாள். வண்டியை மட்டும் திருப்பிக் கேட்டுவிடாதீர்கள்.